படத்தில் விழாதவள்

லிஃப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்த வர்ணனைக்காரி, தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த ஒலிப்பதிவு அறைக் கதவை முழங்கையால் தள்ளினாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விளக்குப் போடாத அறையில் செவியார் உட்கார்ந்திருந்தார்.

"இருட்டுல என்ன பண்றீங்க அண்ணே?"

"எனக்கு இருட்டு எது, வெளிச்சம் எதும்மா? சுவிட்ச் உன் பக்கத்துலதான் இருக்கு, போட்டுக்கோ."

அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஆனால் அடுத்த அறையில் ஊசி விழுந்தால் எந்தப் பக்கம் உருண்டது என்று சொல்லிவிடுவார். அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் செவியார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இருவருக்கும் ஒரே வேலையில் ஆளுக்குப் பாதி. பார்வையில்லாதவர்கள் ஒரு படத்தை ரசிக்க வேண்டுமானால், திரையில் நடப்பதை யாராவது வாயால் சொல்ல வேண்டும். 'அவன் கதவைத் திறக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள்.' அதையும் வசனத்தின் மேல் ஏறாமல், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கிடைக்கிற மௌனத்தில் சொல்லிவிட வேண்டும். அவள் எழுதிப் பேசுவாள். அவர் கேட்டுவிட்டு, விளங்குகிறதா இல்லையா என்பார்.

அவளுக்கு இந்த வேலை போனால் பேசவே இடம் கிடையாது. கணவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மகள் கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே மகள் விழித்திருக்கும் நேரத்தில் இங்கே தூக்கம். வெள்ளிக்கிழமை மாலை இங்கிருந்து கிளம்பினால் திங்கட்கிழமை காலைவரை அவள் வாய் திறக்காத வாரங்கள் உண்டு. திங்கட்கிழமையின் முதல் வாக்கியம் கரகரவென்று வரும்.

"சளியா?" என்பார் செவியார்.

"ஆமா அண்ணே" என்பாள்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு பழைய பேய்ப்படம். கறுப்பு வெள்ளை. ஒரே வீடு, ஐந்து நடிகர்கள், பதினோரு நாளில் எடுத்து முடித்தது. பேய்க்கு வேஷம் கட்டக்கூட வசதியில்லாத படம். மழைக்கு ஒதுங்கி ஐந்து பேர் ஒரு வீட்டுக்குள் வருகிறார்கள். ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனாலும் சினிமா படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

காரணம், ஒவ்வொரு காட்சியிலும் ஓர் இடம் காலியாக இருந்தது. ஐந்து பேர் சாப்பிடும் மேசையில் ஆறு நாற்காலி. இரண்டு பேர் பேசும்போது திரையில் பாதி வெறும் சுவர். பார்க்கிறவர் கண் தானாக அங்கே போகும். இதோ வரப்போகிறது, இதோ, என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வராது. அடுத்த காட்சியில் அந்தக் காலியிடம் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். முதலில் அறையின் மறுகோடி, பிறகு மேசைக்கு எதிரே, பிறகு சோபாவில் பக்கத்து இருக்கை. கடைசிக் காட்சியில் கதாநாயகியின் கட்டில் ஓரம். படம் முடியும்வரை ஒன்றுமே வராது. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் சாப்பாட்டுக் காட்சிக்கு எழுதியிருந்ததைப் பேசினாள். "ஆறாவது நாற்காலி காலியாக இருக்கிறது."

"நிறுத்தும்மா" என்றார் செவியார். "காலியா? அங்க யாரோ உட்கார்ந்திருக்காங்களே."

"இல்ல அண்ணே. வெறும் நாற்காலி."

"ஐந்து பேர் சாப்பிடுறாங்க. ஆறு பேர் மூச்சு விடுறாங்க. ஆறாவது ஆள் தட்டைத் தொடவே இல்லை."

அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மழை, கரண்டிச் சத்தம், நடிகர்களின் பேச்சு. வேறொன்றும் இல்லை.

"கண்ணால கேக்குற நீ. திரையை அணைச்சிட்டுக் கேளு."

திரையை அணைத்தாள். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மழை. கரண்டி. ஒருவன் சிரிப்பு.

அதற்குப் பின்னால், மெலிதாக, மூக்கால் இழுத்து விடுகிற மூச்சு.

துணி சரசரத்தது. யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேச்சு ஓய்ந்தது. அவள் வர்ணனைக்கென்று குறித்து வைத்திருந்த நான்கு விநாடி மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள் ஒரு பெண் குரல், கூச்சத்தோடு கேட்பது போலக் கேட்டது.

"என்னையும் சொல்லேன்."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். செவியார் அதை முன்பே கேட்டுவிட்டார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

படத்தோடு வந்த தாளில் ஒளிப்பதிவாளரின் தொலைபேசி எண் இருந்தது. அந்தக் குழுவில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். மதியம் அவரைக் கூப்பிட்டு, இருவரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். முதியவரின் குரல் நிதானமாகத்தான் இருந்தது.

"அந்தக் காலி இடத்தைப் பத்திக் கேக்கணும் ஐயா. அதை எப்படி யோசிச்சீங்க?"

"யாரு யோசிச்சா?" என்றார். கொஞ்ச நேரம் இருமினார். "எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. நானும் ஏதோ ஒரு பதில் சொல்லிட்டு வர்றேன். இப்ப எனக்கு வயசாயிடுச்சு, உண்மையைச் சொன்னா என்ன போச்சு. அங்க காலி இடமே கிடையாதும்மா."

செவியார் முன்னால் சாய்ந்தார்.

"அந்த வீட்டுல ஒரு பொம்பளை இருந்தா. நாப்பது வயசு இருக்கும். நாங்க போன அன்னிக்கே வந்து ஓரமா நின்னா. ஆளுக்குப் பஞ்சம், நடிக்கிறியான்னு டைரக்டர் கேட்டாரு. அவ மூஞ்சியைப் பார்க்கணுமே. அதுக்கு முன்னாடி அவளை யாருமே ஒண்ணும் கேட்டதில்லை போல. பதினோரு நாளும் தலையை அழுந்த வாரிக்கிட்டு, ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, பள்ளிக்கூட போட்டோவுக்கு உட்கார்ற மாதிரி உட்கார்ந்தா. நான்தான் அவளை ஃபோகஸ் பண்ணினேன்."

"அப்புறம்?"

"பிரிண்ட் போட்டுப் பார்த்தோம். அஞ்சு பேர் இருந்தாங்க. அவ விழலை. ஒரு ஷாட்ல கூட விழலை. வீட்டுக்காரன்கிட்ட ஓடினோம். எந்தப் பொம்பளை, இந்த வீட்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன்னான். மறுபடி எடுக்க எங்களுக்கு வக்கு ஏது? டைரக்டர் ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்துட்டு எழுந்து வந்து, இருக்கிறதை வெச்சே கதையை மாத்திட்டாரு." முதியவர் மூச்சு வாங்கினார். "கடைசி நாள் அவ எங்கிட்ட கேட்டா. 'நான் நல்லா தெரியுறேனா?'ன்னு. பிரமாதமா தெரியுறன்னு சொன்னேம்மா. சொல்லிட்டு வந்துட்டேன்."

போன் வைக்கப்பட்ட பிறகு அறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"இதைத் திருப்பி அனுப்பிடலாம்" என்றார் செவியார். "ஒலி சரியில்லைன்னு எழுதிடலாம்."

"அவ கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்லையே அண்ணே. இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்றா."

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"சொல்லாம இருந்தா என்ன ஆகும்னு தெரியும்" என்றாள்.

அது அவரிடம் சொல்ல நினைத்த வார்த்தை அல்ல. எப்படியோ வந்துவிட்டது. செவியார் கை நீட்டி ஒலிவாங்கியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூன்று மணிக்குப் பதிவைத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக் காட்சி. நான்கு விநாடி மௌனம்.

"ஆறாவது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்" என்றாள் வர்ணனைக்காரி. "தலையை அழுந்த வாரியிருக்கிறாள். கைகள் மடியில் இருக்கின்றன."

காட்சிக்குக் காட்சி அவளைச் சொன்னாள். சுவரோரம், சோபாவில், கடைசியில் கட்டில் ஓரம். திரையில் எதுவும் மாறவில்லை. சுவர் சுவராகவே இருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் மனசு லேசானது. யாருக்கோ போர்வை எடுத்துப் போர்த்திவிட்டது போல இருந்தது.

முடிந்ததும் செவியார் முழுப் படத்தையும் ஒருமுறை கேட்டார்.

"போயிடுச்சு" என்றார். "ஐந்து பேர் மூச்சுதான் கேக்குது. படம் சுத்தமா இருக்கு."

"நல்லதுதானே அண்ணே?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "நீ இப்ப எங்க நிக்கிற?"

"கதவுகிட்ட."

"அப்ப உன் நாற்காலியில யாரு?"

நாற்காலியில் யாரும் இல்லை. அவள் அப்படித்தான் சொன்னாள். இருவரும் சேர்ந்தே படியிறங்கினார்கள். செவியார் அவளை முன்னால் போகச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கேட்டபடி வந்தார்.

மாலை ஆறு மணிக்கு, அவள் வீட்டுக்குள் நுழைந்து ஈரச் செருப்பைக் கழற்றியபோது போன் அடித்தது.

"போய்ச் சேர்ந்துட்டியாம்மா?"

"இப்பதான் அண்ணே."

"வீட்டுக்கு யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலையே."

அந்தப் பக்கம் அவர் மூச்சை அடக்கிக் கேட்பது தெரிந்தது.

"நீ பேசாம இருக்கிறப்ப இன்னொருத்தங்க பேசுறாங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்ன பேசுறாங்க?"

"உன்னைத்தான். 'அவள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள்'ங்குது."

சமையலறைப் பக்கம் திரும்பினாள். அடுப்பு, மேசை, மூடிய சன்னல். எல்லாம் காலையில் விட்டுப்போனபடியே இருந்தன.

"'அவள் சமையலறையைப் பார்க்கிறாள்.' ஏம்மா, கேளு. செருப்புகூட வேண்டாம். அப்படியே வெளிய வந்துடு."

அவள் நகரவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்து மாதமாக இந்த வீட்டில் அவள் நின்றாளா, உட்கார்ந்தாளா என்று பார்க்க ஓர் ஆள் இருந்ததில்லை.

"இப்ப என்ன சொல்லுது அண்ணே?"

"'அவள் போனை வைக்கிறாள்'ங்குது. வைக்காதேம்மா. வெச்சிடாதே."

"நான் வைக்கலை அண்ணே..."

லைன் அறுந்தது. அவள் விரல் எதையும் தொட்டிருக்கவில்லை. திரும்ப அழைத்துப் பார்த்தாள், மணியே போகவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. தெருவில் ஒரு வண்டி கடந்து போனது. அதன் சத்தம் தேய்ந்து முடிந்த இடத்தில், இனிமேல் போன் எதுவும் தேவைப்படாமல், காதுக்கு வெகு அருகில் அந்தக் குரல் கேட்டது. கூச்சம் போயிருந்தது. இடைவெளி பார்த்து, நிறுத்தி நிதானமாக, தொழில் தெரிந்தவள் போலச் சொன்னது.

"அவள் அழுகிறாள்."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இல்லையே, காய்ந்துதான் இருந்தது.

பிறகு நனைந்தது.

குரல், அடுத்த வாக்கியத்துக்காக மூச்சை இழுத்தது.