நகராத மேகம்

மகள் மஹதியின் பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து சாய்நாத்தும் கோமளமும் மயிலாப்பூர் ஃபிளாட்டுக்குத் திரும்பியபோது பகல் இரண்டு மணி. மே மாத வெயில் மாட வீதித் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. கோமளம் நேரே மஹதியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாய்நாத் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

ஊருக்கே மழை சொல்கிற மனுஷர். வங்கி வேலையை விட்டுவிட்டு, ரேடார் படம் பார்த்து முகநூலில் வானிலை எழுதிப் பேர் வாங்கியவர். அவர் வார்த்தையை நம்பித்தான் பாதி மயிலாப்பூர் வடாம் காயவைக்கும்.

ரேடார் அலை மழைத்துளியில் மட்டுமில்லை, மலையில் மோதித் திரும்பினாலும் படத்தில் புள்ளி விழும். அதனால் அவர் கணக்கு எளிது: நகர்கிற புள்ளி மழை, நகராத புள்ளி மலை.

மலையேறப் போயிருந்த அன்று ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து மஹதி போன் செய்தாள்.

"மேல கொஞ்சம் கறுப்பா இருக்குப்பா. ஏறலாமா?"

படத்தில் மலைமேல் ஒரு புள்ளி. அரை மணியாக நகரவில்லை.

"அது மலைதான்டி கொழந்தே. தாராளமா ஏறு."

அது மலை இல்லை. வெயிலில் காய்ந்த சரிவுகளின் சூட்டுக்காற்று மேலே ஏறி, கடல் பக்கமிருந்து வந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு இடிமேகமாகக் கட்டியிருந்தது. சரிவு தீனி போட்டுக்கொண்டே இருந்ததால் நின்ற இடத்திலேயே வளர்ந்தது. முதல் மின்னலிலேயே மஹதி போய்விட்டாள்.

அந்தப் போன் பேச்சைக் கோமளத்திடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் அவளையும் இழந்துவிடுவோம் என்று பயம்.

இப்போது திரையில், மயிலாப்பூர்மேல் ஒரு புள்ளி.

ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில்.

பத்து நிமிஷம் கழித்து அடுத்த படம் வந்தது. புள்ளி நகரவில்லை. அதற்கடுத்த படத்திலும் அங்கேயே நின்றது.

மயிலாப்பூரில் ஏது மலை?

நனைந்த பாறையின் வாசனை வந்தது. கூடவே புல் கருகிய நெடி. வீட்டுக்குள்ளேயே எங்கோ இடி முனகியது. அவர் கைமயிர் சிலிர்த்து நின்றது. மின்னல் விழுவதற்கு முன்னால் அப்படி நிற்கும் என்று அவரே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார்.

"இறங்கிடு கொழந்தே," என்று திரையிடம் கிசுகிசுத்தார். "அப்பா தப்பாச் சொல்லிட்டேன். இறங்கி ஆத்துக்கு வந்துடு."



மஹதியின் அறையில் கோமளம் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. இந்தப் பதிமூன்று நாளில் அவள் குரலில் இவ்வளவு நிம்மதியை அவர் கேட்டதில்லை.

"ஏன்னா, ஒரு துண்டு எடுத்துண்டு வாங்கோ. கொழந்தைக்குத் தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

அவர் திரையைப் பார்த்தார்; புள்ளி அங்கேயே நின்றது.

"அப்பாவைத் திட்டாதேம்மான்னு சொல்லிண்டே இருக்கா. நான் எதுக்கு உங்களைத் திட்டணும்?"