ஒரு போல்ட் குறைகிறது

அன்பரசன் பறந்தான்.

நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவு தொடங்கும் இடம். மணிக்கு நூற்றறுபது கிலோமீட்டர் வேகம். பைக்கின் முன்சக்கரம் சட்டென்று நின்றுவிட... பின்சக்கரம் வானத்தைப் பார்க்க எழும்பியது. அவன் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டு, அந்தப் பக்கத் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தான்.

அப்புறம் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு இருபது.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாகப் போட்ட ரேஸ் டிராக் அது. 'வஜ்ரா' மோட்டார் சைக்கிள் கம்பெனி தன் ரசிகர்களுக்காக நடத்தும் இரண்டு நாள் திருவிழா. சனிக்கிழமை ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் போட்டுக்கொண்டு, செங்கம் ரோட்டையே அதிரவிட்டார்கள். ஞாயிறு டிராக்.

கம்பெனி ஆட்களையும் சேர்த்து முப்பது பேர். கம்பெனி கொடுத்த முப்பது பைக்குகள். எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு. யாருக்கு எந்த வண்டி என்பதை டேங்க் மேல் ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர் மட்டும்தான் சொல்லும்.

அன்பரசன் கம்பெனியின் மண்டல மேலாளர். இந்தக் கூட்டத்துக்கே கேப்டன். ஸ்டிக்கர் நம்பர் ஒன்பது.

ஆம்புலன்ஸ் கிளம்பிய அரை மணி நேரத்தில் புகழேந்தியின் செல்போன் அடித்தது. நிகழ்ச்சியை நடத்துகிற கம்பெனி அதிகாரி அவர்தான். கேட்டார். போனைப் பாக்கெட்டில் போட்டார். நேராக சதஃப் நின்ற இடத்துக்கு வந்தார்.

"போற வழியிலயே உயிர் போயிடுச்சு. அந்த வண்டிய செக் பண்ணது நீதானே?"

"முப்பது வண்டியும் நான்தாங்க செக் பண்ணேன்."

"அப்ப கொன்னதும் நீதான்."

சதஃபுக்குக் காதோரம் சுட்டது.

இருபத்தெட்டு வயது. மெக்கானிக். திருவண்ணாமலையில் 'பாஷா டூவீலர் ஒர்க்ஸ்' என்றால் தெரியாத ஆட்டோக்காரர் கிடையாது. அப்பா ஜானி பாஷா ஆரம்பித்த கடை. பெண் பிள்ளை தொட்ட வண்டியா என்று முகம் சுளித்தவர்களை எல்லாம் வேலையால் வாயடைத்து, இன்றைக்கு அந்தக் கடையை நடத்துகிறவள் அவள். விடியற்காலை நாலரைக்கு வந்து குனிந்தவள், முப்பது வண்டியையும் பார்த்து முடித்து நிமிரும்போது மணி ஏழு.

இன்று கைதானால் நாளை அந்த ஷட்டரைத் திறக்க முடியாது. திறந்தாலும் ஒருத்தனும் உள்ளே வரமாட்டான்.

ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் இறங்கினார். நிதானமான மனிதர். ஆஸ்பத்திரிக்கு ஒரு கான்ஸ்டபிளை முன்கூட்டியே அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார்.

புகழேந்தி ஓடிப்போய் ஒரு தாளை நீட்டினார்.

"சார், இது அந்தப் பொண்ணோட வாக்குமூலம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

சதஃப் அதைப் பிடுங்கிப் படித்தாள். 'முன்பக்க பிரேக்கின் போல்ட்டை இறுக்கமாகப் பூட்ட மறந்துவிட்டேன். இது என் கவனக்குறைவு...'

தாளை இன்ஸ்பெக்டர் முன் ஆட்டிக் காட்டினாள்.

"இன்னா சார் இது? நான் வாயே தொறக்கல. அதுக்குள்ள நான் சொன்னதா டைப் அடிச்சு, பிரின்ட் எடுத்து வச்சிருக்காரு. பிரேக்லதான் பிரச்சினைன்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

"விழுந்த வண்டிய நான் பாத்தேன்," என்றார் புகழேந்தி. "பிரேக் கழண்டு சக்கரத்துல சிக்கியிருக்கு. சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

கோதண்டராமன் சதஃபைப் பார்த்தார்.

"ஏம்மா, அஜாக்கிரதையால மரணம்னுதான் கேஸ் வரும். ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும்."

"செய்யாத தப்ப ஒத்துக்கிட்டா எங்க குடும்பம்தான் சார் சீக்கிரம் முடியும். வண்டிய நான் பாக்கணும். உங்க கண்ணு முன்னாடியே பாக்கறேன். அப்புறமா ஜீப்புல நானே ஏறிக்கறேன்."

புகழேந்தி குறுக்கே வந்தார். "சார், இவ எதையாவது மாத்திடுவா..."

"நான் பக்கத்துலயே நிக்கறேன்ல," என்றார் கோதண்டராமன். "வாம்மா."

நசுங்கிக் கிடந்த பைக்கின் அருகில் சதஃப் மண்டியிட்டாள்.

சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிப்பர், சக்கரத்துக்குள் சிக்கியிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த இரண்டு போல்ட். ஒன்று கடைசி இழையில் தொற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று இல்லவே இல்லை.

"சார், இதப் பாருங்க. போல்ட்ட இறுக்கினதும் அது மேல ஆரம்பிச்சு காலிப்பர் வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டுடுவேன். பச்சைக் கலர். கோடு நேரா இருந்தா யாரும் கை வைக்கலன்னு அர்த்தம்."

காலி ஓட்டையின் ஓரத்தில் பாதிக் கோடு இருந்தது. பச்சை.

"மீதிப் பாதி போல்ட்டோட போயிடுச்சு. இறுக்காத போல்ட்டுக்கு நான் எதுக்கு சார் கோடு போடப்போறேன்? அந்த ஓட்டைய டார்ச் அடிச்சுப் பாருங்க. பிச்சுக்கிட்டுப் போயிருந்தா மரை சிதைஞ்சிருக்கும். புதுசாட்டம் இருக்குது. இது போல்ட் கழட்டற ஆலன் கீ போட்டுக் கழட்டினது."

"யார் வேணா கோடு போடலாம்," என்றார் புகழேந்தி. "நெயில் பாலிஷ் என்ன கவர்மென்ட் சீலா?"

சதஃப் எழுந்தாள். பின்பக்கம் போனாள்.

டிராக்கில் ஓட்டும்போது உடைந்து சிதறாமல் இருக்க, விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் டேப் போட்டு மூடிவிடுவது வழக்கம். இந்த வண்டியின் பிளேட்டில், டேப்பின் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அவள் அதை உரித்தாள்.

4040.

பாக்கெட்டிலிருந்து தன் லிஸ்ட்டை எடுத்தாள். ஸ்டிக்கரை நம்பி அவள் எதையும் எழுதுவதில்லை. ஸ்டிக்கர் உரியும், பிளேட் உரியாது. விரலை ஓட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"சார்... நான் செக் பண்ணப்போ 4040 வண்டியில ஒட்டியிருந்தது பன்னண்டாம் நம்பர் ஸ்டிக்கர். அன்பரசன் சாரோடது இல்ல. சிந்துஜான்னு ஒருத்தங்களோடது. யாரோ ஸ்டிக்கர மாத்தியிருக்காங்க."

கோதண்டராமன் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தார்.

புகழேந்தி சட்டென்று பாதை மாற்றினார்.

"அப்ப சந்தேகமே இல்ல சார். சிந்துஜாதான் கொலைகாரி. கழட்டி வச்ச வண்டிய அவர் தலையில கட்டிட்டா. அவளுக்கு அவர் மேல பகை."

"இன்னா பகை?" என்றார் கோதண்டராமன்.

புகழேந்தி வாயைக் கொடுத்துவிட்டு விழித்தார்.

"அது... கம்பெனி உள்விவகாரம்."

"ஒருத்தன் செத்துக் கெடக்கறான். சொல்லுய்யா."

"அன்பரசன் தப்பா நடந்துக்கிட்டார்னு மூணு மாசம் முன்னாடி புகார் கொடுத்தா. நாளைக்கு விசாரணை."

சதஃபுக்கு ரத்தம் தலைக்கேறியது. "புகார் கொடுத்த பொண்ணு வர்ற எடத்துக்கு அந்த ஆளையே கேப்டனா அனுப்பினீங்களா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

கோதண்டராமன் ஆளனுப்பினார்.

சிந்துஜாவை அழைத்து வந்தார்கள். சென்னைப் பெண். கம்பெனியின் இன்ஜினியர். ரைடிங் சூட் இன்னும் உடம்பில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஸ்டிக்கர மாத்தினது யாரும்மா?" என்றார் கோதண்டராமன்.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

சிந்துஜா கையுறையைக் கழற்றினாள்.

"எதுக்குன்னு கேட்டேன்."

"சொன்னா சிரிப்பீங்க சார்."

"கொலைக் கேஸ்லம்மா நிக்கற நீ."

"நாலும் நாலும் எட்டு சார்."

கோதண்டராமன் புருவத்தை உயர்த்தினார்.

"வண்டி நம்பரோட கூட்டுத்தொகை எட்டு. அது எங்களுக்கு ஆகாது. எங்கம்மா ஜோதியம்மாள், எட்டு வருதுன்னு எங்கப்பா வாங்கின கார்ல இன்னிக்கு வரைக்கும் ஏறினதில்ல. காலையில போன் பண்ணி, 'டேப்பைப் பிரிச்சு நம்பரப் பாத்துட்டு ஏறு'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. பாத்தேன். எட்டு. பக்கத்து வண்டி நம்பர் ஆறு வந்துச்சு. ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிட்டேன். பக்கத்து வண்டி யாரோடதுன்னு கூட நான் பாக்கல."

"நீ இன்ஜினியர்னு சொன்னாங்க?"

"ஆமா சார். பிரேக் டிசைன்."

புகழேந்தி சிரித்தார். "கதை. சுத்தக் கதை. கைது பண்ணுங்க சார்."

"கதையில்ல சார்," என்றாள் சதஃப். "கூட்டினா எட்டு வருதுன்னு புது வண்டிய ரெண்டே மாசத்துல கம்மி விலைக்குத் தள்ளிட்டுப் போனவங்க ஜாஸ்தி. எங்க கடைக்கே வந்திருக்காங்க. டாக்டர், வாத்தியாரு, எல்லாரும்தான். ஒருத்தரும் வெளிய சொல்ல மாட்டாங்க." அவள் சிந்துஜாவிடம் திரும்பினாள். "எப்ப மாத்தினீங்க?"

"எல்லாரும் குரூப் போட்டோ எடுக்கப் போனப்போ. ஏழே முக்கால்."

"அப்ப பிரேக் போல்ட் இருந்துச்சா?"

"நான் கீழ குனிஞ்சே பாக்கல."

சிந்துஜாவின் கண்கள் நிரம்பின. ஒரு பெண் கான்ஸ்டபிள் அவள் தோளில் கை வைத்தார். புகழேந்தி நிம்மதியாக மூச்சு விட்டார். யார் தலை உருண்டால் என்ன, கம்பெனி தலை தப்பினால் சரி என்கிற மூச்சு அது. சதஃபுக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் கோதண்டராமனின் செல்போன் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கான்ஸ்டபிள். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பாடியில இருந்த சாமான் லிஸ்ட் எழுதிட்டேன். மோதிரம் ஒண்ணு, செயின் ஒண்ணு, வாட்ச்சு உடைஞ்சிருக்கு. அப்புறம் ரைடிங் சூட் உள்பாக்கெட்ல ஒரு ஆலன் கீயும், ஒரு போல்ட்டும் இருக்குது சார். அத எழுதணுமா?"

சதஃப் ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணே, அந்த போல்ட் தலையில ஏதாச்சும் கலர் இருக்கா பாருங்க."

"இரும்மா... ஆமா. பச்சையா ஒரு கோடு. பாதியில நிக்குது."

கோதண்டராமன் போனை மெதுவாக இறக்கினார்.

சதஃப் பேசினாள். குரல் கொதித்தது.

"இப்ப புரியுதா சார்? நான் செக் பண்ணி முடிச்சது ஏழு மணிக்கு. எல்லாரும் பொங்கல் சாப்பிட பந்தலுக்குப் போனாங்க. அந்த நேரத்துல அந்த ஆளு பன்னண்டாம் நம்பர் வண்டிகிட்ட வந்து போல்ட்டக் கழட்டியிருக்கான். நாளைக்கு விசாரணையில இந்தப் பொண்ணு வாயே தொறக்கக் கூடாதுன்னு. முதல் ரவுண்டு மெதுவாதான் ஓட்டுவாங்க. ரெண்டாவது ரவுண்டுல, வேகமா வந்து பிரேக் பிடிச்சா... முடிஞ்சது."

"போல்ட்ட ஏன் பாக்கெட்ல வச்சிருந்தான்?"

"இந்தப் பொண்ணு செத்ததும், கூட்டத்தோட கூட்டமா வந்து என் டூல் பாக்ஸ்ல போடறதுக்கு. பூட்ட மறந்த மெக்கானிக் டூல் பாக்ஸ்லதானே சார் போல்ட் கெடக்கும்? ஒரே போல்ட்ல ரெண்டு பொண்ணுங்கள முடிக்கப் பாத்திருக்கான்."

"ஆனா ஏழே முக்காலுக்கு ஸ்டிக்கர் மாறிடுச்சு..."

"அவனுக்குத் தெரியாது. ஒன்பதாம் நம்பர் ஸ்டிக்கரப் பாத்தான், ஏறினான், போனான்."

சிந்துஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அவரைக் கொன்னுட்டேனா?"

சதஃப் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"நீங்க ஸ்டிக்கர்தாங்க மாத்தினீங்க. போல்ட்ட இல்ல. மொதல்ல உங்கம்மாவுக்கு ஒரு போன் போடுங்க."

தோளில் இருந்த கையைப் பெண் கான்ஸ்டபிள் எடுக்கவில்லை. தட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்.

கோதண்டராமன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் பாத்ததில்ல. திட்டம் போட்டவனும் அவனே, செத்தவனும் அவனே. இதுக்கு யாரு பொறுப்புன்னு நான் எழுதறது?"

புகழேந்தி பாய்ந்து வந்தார். கையில் ஒரு ஃபைல்.

"யாரை வேணா எழுதுங்க சார், கம்பெனிய எழுதிடாதீங்க. எங்க மேல ஒரு பொறுப்பும் கிடையாது. டிராக்ல எறங்கற எல்லார்கிட்டயும் எழுதி வாங்கிட்டோம். பாருங்க, அன்பரசன் சார் எழுதிக் கொடுத்ததும் இருக்கு."

சதஃப் எழுந்தாள். அந்த ஃபாரத்தை வாங்கி ஒரு முறை படித்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. புகழேந்தி டைப் அடித்து வைத்திருந்த வாக்குமூலத்தை இரண்டாகக் கிழித்து அவர் கையிலேயே திணித்துவிட்டு, ஃபாரத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு வேலையே வைக்கல சார் அந்த மனுஷன். 'இங்கு என் உயிருக்கு என்ன நேர்ந்தாலும் முழுப் பொறுப்பும் நானே'ன்னு தெளிவா எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுட்டுத்தான் போயிருக்காரு."