ஈரத்துணி

மாடியில் அக்கா வீட்டுக் கதவில் கட்டியிருந்த துணி, உச்சி வெயிலிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டில் தையல் வேலை பார்க்கும் தங்கை மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். வருடா வருடம் வெயில் முந்திக்கொண்டு வந்து, போக மனமில்லாமல் உட்கார்ந்துவிட ஆரம்பித்த பிறகு, மருந்துக்கடை அம்மா தெருவுக்குச் செய்த ஏற்பாடு அது: காலையும் மதியமும் வாசல் கதவில் ஈரத்துணி கட்ட வேண்டும், துணி காய்ந்து கிடந்தால் அக்கம்பக்கத்தார் தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் உடைக்க வேண்டும். போன கோடையில் மயங்கிக் கிடந்தவர்கள் சிலர் அப்படித்தான் பிழைத்தார்கள். ஆனால் குழாயில் நேற்றிலிருந்து காற்றுதான் வருகிறது. எல்லோரும் குடிக்க வைத்திருந்ததில் ஒரு கை தெளித்து ஒப்பேற்றியிருக்க, அக்கா வீட்டில் மட்டும் ஏது இவ்வளவு தண்ணீர்?

அத்தான் எங்கோ ஒரு டிரம்மைப் பதுக்கியிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. கமுக்கமான ஆள். அக்காவைக் கண்ணில் பார்த்தும் நாளாகிவிட்டது. கோபத்தோடு படியேறினாள். மின்சாரம் போய் மின்விசிறிகள் அடங்கிவிட்ட படிக்கட்டில், சூடேறிய சுண்ணாம்பு வாடைக்கும் செருப்புகளின் ரப்பர் வாடைக்கும் நடுவே, துணியிலிருந்து விழும் சொட்டு மட்டும் நிதானமாகக் கேட்டது.

தொட்டாள். வெதுவெதுப்பு. விரலில் பிசுபிசுத்தது. வியர்வை நாற்றம். கதவைத் தட்டினாள்.

“அத்தான், அக்காவக் கூப்பிடுங்க.”

“தூங்குறா.” உள்ளிருந்து அத்தானின் குரல். “என்ன மச்சினிச்சி” என்று வம்பிழுக்காமல் பேச்சையே தொடங்காத மனிதர்.

“தண்ணி ஏது?”

“துணி ஈரமாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் தட்டுற?”

அக்காவை ஏதோ செய்துவிட்டார். கீழே ஓடினாள்.

கதவை உடைக்கக் கூப்பிட்டதற்கு மருந்துக்கடை அம்மா அசைந்து கொடுக்கவில்லை. “ஈரத்துணி தொங்குற வீட்ட உடைச்சா, நாளைக்கு எவ கட்டுவா? புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும், விடு.”

அக்கா கொடுத்துவைத்திருந்த மாற்றுச் சாவி வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி ஏறித் திறந்தாள்.

இருட்டு. ஜன்னல்களில் போர்வைகள். தரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. காலில் ஏதோ தட்டியது.

அத்தான்.

கழுத்திலிருந்து கால்வரை ஒரே திசையில் முறுக்கிப் பிழியப்பட்டுக் கிடந்தார். வாய் திறந்திருந்தது. நாக்கு சருகாகியிருந்தது. செத்து நாளாகியிருக்க வேண்டும்.

“உங்கக்கா தூங்குறா,” என்றது அவர் குரல். குளியலறையிலிருந்து.

சொட்டு. வாளியில்.

ஓட வேண்டும். ஆனால் உள்ளே அக்கா இருக்கிறாள்.

கதவைத் தள்ளினாள்.

அக்கா அந்தரத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிவதுபோல் அவளை முறுக்கும் கை எதுவும் தெரியவில்லை; விரல்நுனிகளிலிருந்து வியர்வை வாளியில் சொட்டியது. கால்விரல்கள் சுவரைப் பார்த்திருந்தன. முகம் இவளைப் பார்த்திருந்தது.

கண்கள் இமைத்தன.