ஜாக்கிரதைப் பகுதியில் ஒரு முகம்

மழை நேரத்தில் அழைப்பு மணியை அடிப்பவர்கள் இரண்டு வகை. குடை இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஒன்று. எதையாவது நம் தலையில் கட்ட வந்தவர்கள் இன்னொன்று.

கதவைத் திறந்த சத்யப்ரியாவுக்கு, வாசலில் நின்றவன் இரண்டிலும் சேர்த்தி என்று தோன்றியது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் தொங்கிய க்யூஆர் அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நனையாமல் வைத்திருந்தான். ஆள் நனையலாம், வசூல் நனையக்கூடாது. கெட்டிக்காரன்தான்!

கண்கள்... அவைதான் வம்பு. அகலமான, அமைதியான கண்கள். அவள் முகத்தை விட்டு நகர மறுத்தன.

"வணக்கம். நம்ம தமிழர் சங்கத்துலேர்ந்து... வர்றேன். சனிக்கிழமை... சாப்பாட்டு மேளா. காது கேட்காத குழந்தைங்களுக்காக. கூப்பன்... வேணுமா?"

ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் வைப்பதுபோல் நிறுத்தி வைத்தான்.

சத்யாவுக்குச் சுருக்கென்றது. சங்கத்தின் தலைவர் அவள் அப்பா ரங்கராஜன். சங்கத்தின் வாட்ஸ்அப் செய்திமடலான 'வட்டார'த்தை எழுதுகிறவள் அவள். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த ஃப்ளாட் வாடகைக்குக் காலி, கரியாஹாட் சந்தையில் யாரிடம் நல்ல வாழைப்பூ வந்திருக்கிறது... வங்காளிகள் நடுவில் வாழும் பாலிகஞ்ச் தமிழர்களின் சகல சமாசாரமும் அவள் கையால்தான் போகும். அவளுக்குத் தெரியாமல் ஒரு மேளாவா?

"உள்ளே வாங்க. காபி சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க. தேங்க்ஸ்."

முடிந்தது. ஆள் போலி!

இந்த ஊர்த் தமிழ் வீடுகளுக்கு நன்கொடைக்கு வருகிறவன் எடுத்த எடுப்பில் பணம் கேட்க மாட்டான். உட்காருவான். பூர்வீகம் எது என்று ஆரம்பித்து, ஒரு கல்யாணத்தையும் ஒரு டிரான்ஸ்ஃபரையும் சுற்றி வந்து, எங்கேயாவது ஒரு உறவைப் பிடித்து, காபி டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் ரசீதுப் புத்தகம் வெளியே வரும். காபி வேண்டாம் என்கிற வசூல்காரனைச் சத்யா பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

போன மாதம்தான் கீழ்வீட்டு விஜயலக்ஷ்மி மாமியிடம் எவனோ போனில் தேனாகத் தமிழ் பேசி, சொந்த ஊர்க் கோயில் திருப்பணி என்று சொல்லி, ஓடிபி வாங்கி, கணக்கைத் துடைத்துவிட்டுப் போனான். இப்போது பெற்ற பிள்ளை போன் செய்தால்கூட, "உன் நட்சத்திரத்தைச் சொல்லு, அப்புறம் பேசு" என்கிறாள் மாமி. அதற்குப் பிறகுதான் 'வட்டார'த்தின் கடைசியில் 'ஜாக்கிரதை' என்ற பகுதியைச் சத்யா ஆரம்பித்தாள். 'மோசடிக்காரர்கள் கண்ணைப் பார்த்து, நிதானமாக, நம்பும்படி பேசுவார்கள்' என்று போன வாரம் அவளே எழுதியிருந்தாள்.

கண்ணைப் பார்த்து... நிதானமாக...

"அந்த கார்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ஸ்கேன் ஆகலை" என்று போனை உயர்த்தினாள்.

அவன் தூக்கிப் பிடித்தான். சிரிக்கவும் செய்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் க்ளிக்!

"நெட் இல்லை. அப்புறமா அனுப்பறேன்." கதவைச் சாத்தினாள்.

சாத்திய பிறகும் அந்தச் சிரிப்பு உள்ளேயே நின்றது. இஷ்! திருட்டுப் பயலுக்கு எதற்குக் கன்னத்தில் குழி?

அன்று மத்தியானமே படம் போய்விட்டது. 'ஜாக்கிரதை! சங்கத்தின் பெயரைச் சொல்லி வீடு வீடாக வரும் இந்த நபரை நம்பாதீர்கள்.' பாலிகஞ்சிலிருந்து பேஹாலாவுக்கும், பேஹாலாவிலிருந்து சால்ட் லேக்குக்கும் அது பறந்தது. நல்ல சேதிக்கு டிராம், கெட்ட சேதிக்கு மெட்ரோ.

சாயந்திரம் வீட்டுக்கு வந்த ரங்கராஜன், போனைப் பார்த்ததும் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அடிப்பாவி... இது நம்ம ஜெய்ராம்னா!"

"எந்த ஜெய்ராம்?"

"துர்காபூர்ப் பையன். டாகுரியாவுல அந்தக் காது கேட்காத குழந்தைகள் சென்டர்ல காது டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட். மேளாவே அவாளுக்காகத்தான். கமிட்டியில பாஸ் பண்ணியாச்சு."

"எனக்கு ஏன் சொல்லலை?"

ரங்கராஜன் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பேங்க்கில் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறிவிப்பையும் காற்புள்ளி காற்புள்ளியாகத் திருத்தி, ஊறவைத்துத்தான் வெளியே விடுவார். மேளா அறிவிப்பு இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

"திருத்தம் போட்டுடறேன்" என்றாள் சத்யா.

"ஒரு வரி போதும். 'தகவலில் பிழை, வருந்துகிறோம்.' பேரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்."

"ஆனா அப்பா, அவர்..."

"யோசிச்சுப் பாரு. உன் ஜாக்கிரதை பகுதி இதுவரைக்கும் தப்பினதே இல்லை. தப்பு பண்ணிட்டேன்னு நீயே எழுதினா, நாளைக்கு நிஜத் திருடன் வந்தாலும் 'சத்யா சும்மா பயமுறுத்தறா'ம்பா. விஜயலக்ஷ்மி மறுபடியும் ஓடிபியைத் தூக்கிக் கொடுப்பா."

அதில் நியாயம் இருந்தது. அவளுடைய கௌரவத்துக்குச் சௌகரியமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் யார்தான் மறுப்பார்கள்? ஒரு வரி திருத்தத்தை வாழைப்பூவுக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில் செருகி அனுப்பினாள். யாரும் படிக்கவில்லை. படிக்கக்கூடாது என்றுதானே அங்கே செருகினாள்?

வியாழக்கிழமை கரியாஹாட்டில் நல்ல மழை. காய்கறிக் கடைத் தார்ப்பாயின் கீழ் சத்யாவும் விஜயலக்ஷ்மி மாமியும் ஒதுங்கி நின்றார்கள். மாமி திடீரென்று அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"டீ, அவன்தான்டீ! அங்கே பாரு, புடவைக் கடை வாசல்ல. பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஜெய்ராம், கையில் கூப்பன் கட்டோடு நின்றிருந்தான். கட்டு தடிமனாகவே இருந்தது. ஒரு தமிழ் மாமா அவனைக் கண்டதும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார்.

"மாமி, அது வந்து... அவர்... நீங்க வாழைப்பூவைப் பாருங்க. நல்லதெல்லாம் போயிடும்."

மாமி வாழைப்பூக்காரனிடம் பேரத்தில் இறங்கினாள். அது லேசில் முடிகிற காரியமில்லை. நிமிர்ந்து பார்த்தால்... அவன் மழையைக் கடந்து நேரே தார்ப்பாயை நோக்கி வந்துகொண்டிருந்தான். ஓடலாமா? எங்கே ஓடுவது?

"மாமி பையை நான் எடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க" என்றான். "போலீஸும் வேண்டாம்."

"இவ்ளோ தூரத்துல... இந்த இரைச்சல்ல எப்படிக் கேட்டுது?"

"கேட்கலை, பார்த்தேன். எங்கம்மாவுக்குக் காது கேட்காது. நான் பேசக் கத்துக்கிட்டதே அம்மா முகத்தைப் பார்த்துதான். உதடு அசையறதுல பாதி புரிஞ்சுடும். மீதி, மாமி பையைப் பிடிச்ச பிடியிலேயே தெரிஞ்சுது."

அதனால்தான் அந்தப் பார்வை. அதனால்தான் அந்த நிதானம். சத்யா கையிலிருந்த குடையின் கம்பியை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னிக்குக் காபி வேண்டாம்னீங்களே..."

"உங்க பில்டிங்ல உங்களுது கடைசி வீடு. கீழேயிருந்து, கதவு திறந்த வீட்டுல எல்லாம் காபி. வேண்டாம்னா, 'ஏன், எங்காத்துக் காபி பிடிக்காதா'ங்கறாங்க. உங்க வாசலுக்கு வந்தப்போ நான் நின்ன நிலைமை எனக்குத்தான் தெரியும். பாத்ரூம் எங்கேன்னு கேட்க வாயெடுத்தேன்... நீங்க போட்டோ எடுத்துட்டீங்க."

சத்யாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான். அந்தக் குழி! தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் இரண்டு பேருக்கும் நடுவில் திரைபோல் விழுந்தது.

"கூப்பன்லாம் போறதா?" சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"இல்லை." மறைக்காமல் சொன்னான். "குழந்தைங்களுக்குக் காது வளரும் இல்லையா... கேட்கிற மெஷினைக் காதுல மாட்டற அச்சு பழசானா நிக்காது, விசில் அடிக்கும். குழந்தை கழட்டி எறிஞ்சுடும். அப்புறம் கத்துக்கிட்ட பேச்சும் போயிடும். புது அச்சுக்குத்தான் இந்த மேளா. சனிக்கிழமை யாரும் வரலைன்னா... வேற வழி பார்க்கணும்."

"நான் திருத்தம் போட்டேனே..."

"பார்த்தேன். வாழைப்பூவுக்குப் பக்கத்துல. நல்ல இடம்."

குத்தல்தான். ஆனால் குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"கோபத்துல உதடு சுளிச்சுக்கும். குழந்தைங்களுக்குப் புரியாது. அதனால பழகலை."

"சத்யா! யாரோட பேசிண்டிருக்கே?" வாழைப்பூவும் கையுமாக மாமி திரும்பினாள்.

இதுதான் சமயம். 'மாமி, இவர் நல்லவர். தப்பு என்னுது.' ஐந்தே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது... அங்கேயே நின்றது.

ஜெய்ராம் அவள் உதடுகளையே ஒரு கணம் பார்த்தான். வராத வார்த்தையையும் படித்துவிட்டான் போலிருக்கிறது.

"ஒண்ணுமில்லை மாமி. வழி கேட்டேன்" என்று மாமிக்கு முகம் காட்டாமல் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வரும்வரை மாமி பேசிக்கொண்டே வந்தாள். சத்யாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. கரியாஹாட்டில் எந்தச் சரக்கையும் சொன்ன விலைக்கு வாங்காதவள், ஒரு மனிதனை மட்டும் பார்த்த மாத்திரத்தில் மட்டமாக விலை போட்டிருக்கிறாள். அவனோ, அவள் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போகிறான்.

வந்ததும் போனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டாள். ஈரத் தலை, சிவந்த மூக்கு. அழகாக இல்லை. பரவாயில்லை.

'ஜாக்கிரதை! படத்தில் இருக்கும் சத்யப்ரியா, விசாரிக்காமல் ஒரு நல்ல மனிதரைத் திருடர் என்று எழுதினாள். ஜெய்ராம் நம் சங்கம் அனுப்பியவர். தப்பு தெரிந்த பிறகும் இவள் அதைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்தாள். இனி யார் சொன்னாலும் விசாரித்த பிறகே நம்புங்கள், நான் எழுதுவதையும் சேர்த்து. சனிக்கிழமை மேளாவுக்கு வாருங்கள். என்னைத் திட்டவாவது வாருங்கள்.'

ரங்கராஜன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"உன் போட்டோவா? எதுக்குடீ இது?"

"அவர் முகத்தைப் போட்டேன்ல? அதுக்கு இதுதான்ப்பா சரியான விலை."

"மத்தவா நாளைக்கு நம்பணுமே..."

"தப்பை ஒத்துக்கறவ சொன்னா நம்புவா. விசாரிச்சுட்டு நம்புவா. அதுதானே வேணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அறிவிப்பு என் சட்டைப்பையில தூங்கினதையும் சேர்த்துக்கோ" என்றார். காற்புள்ளியைத் தொடவே இல்லை.

சனிக்கிழமை மழை விடவில்லை. கூட்டமும் விடவில்லை. பாதிப் பேர் மனசு உறுத்தி வந்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் பசித்தது. விஜயலக்ஷ்மி மாமி அடைக் கல்லின் முன்னால் நின்று, "அந்தப் பையன் கிட்டேயே கூப்பன் வாங்குங்கோ, நான் விசாரிச்சுட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். சென்டர் குழந்தைகள் மேஜைகளுக்கு நடுவே ஓடினார்கள். ஸ்பீக்கர் அலறியது.

ஹாலின் அந்தக் கோடியில் கூப்பன் மேஜையில் ஜெய்ராம். இந்தக் கோடியில் காபி ஸ்டாலில் சத்யா. காலையிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் பேசலாம்தான். ஆனால் நடுவில் அத்தனை மாமிகள், அத்தனை காதுகள்...

அவன் நிமிர்ந்தான். கண்கள் நேரே அவளிடம் வந்து நின்றன. அதே கண்கள்.

சத்யா டிகாக்ஷன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சத்தமே இல்லாமல், உதடுகளை மட்டும் அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

'எனக்கு... உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு.'

பக்கத்தில் நின்ற ரங்கராஜனுக்குக்கூடத் தெரியவில்லை. அங்கே ஜெய்ராமின் கையிலிருந்து கூப்பன் கட்டு நழுவி விழுந்தது.

பதிலுக்கு அவன் உதடுகள் அசைந்தன. நீளமாக ஏதோ. சத்யாவுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை! கையை விரித்துத் தலையை ஆட்டினாள். அவன் மேஜையை விட்டு எழுந்து, அடை ஸ்டாலைத் தாண்டி, குழந்தைகளைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் எதிரே நின்றான்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"காபி இருக்கான்னு கேட்டேன்."

அவள் முகம் விழுந்தது. "அவ்ளோ நீளமாவா?"

"சர்க்கரை கம்மியா, டிகாக்ஷன் தூக்கலா..."

விருட்டென்று ஒரு காபியை ஆற்றி நீட்டினாள். மேஜையில் கொஞ்சம் சிந்தியது. அவன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, டம்ளரை விடாமல் அவளைப் பார்த்தான்.

"பொய் சொன்னேன். அன்னிக்கு நீங்க கதவைச் சாத்தினதும் எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரலை. இன்னும் ரெண்டு நிமிஷம் இந்த முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கலாமேன்னுதான் இருந்துது. கரியாஹாட்ல அந்த மழைக்குள்ள நானா வந்தேன்... கூப்பன் விக்கறதுக்கு இல்லை. எனக்கும்... உங்களைத்தான்... பிடிச்சிருக்கு, சத்யா."

ஒவ்வொரு வார்த்தையும் தராசில் வைத்த மாதிரி வந்தது. எடை குறையவே இல்லை.

"விசாரிக்காம நம்பலாமா?" அவள் கண்களில் மழை எட்டிப் பார்த்தது. சிரித்து மறைத்தாள்.

"தாராளமா விசாரிங்க." அவன் காபியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, காலி டம்ளரை அவள் பக்கம் நீட்டினான். "இன்னொண்ணு கிடைக்குமா?"

நன்கொடைக்கு வந்தவன் ஒரு காபியோடு எழுந்துவிடுவான். இரண்டாவது கேட்கிறவன் வேறு காரியமாக வந்தவன். பாலிகஞ்ச் தமிழர்களில் இது தெரியாதவர் யாரும் கிடையாது. ரங்கராஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து ஜெய்ராமின் பக்கம் போட்டார்.

"உட்காருங்கோ" என்றார். "உங்களுக்குப் பூர்வீகம் எது?"