நாக்குக்கு அடியில்

குண்டூசி டப்பாவுக்குள் கிடந்த மாத்திரை ஈரமாக இருந்தது.

அக்கா அதை முதலில் பொத்தான் என்றுதான் நினைத்தாள். வெட்டுத்துணி வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து நிற்கும் அந்தத் தையல் மூலையில், கைக்குத் தட்டுப்படுவதெல்லாம் பொத்தானாகவோ ஊசியாகவோதான் இருக்கும். விரலில் ஒட்டிக்கொண்டபோதுதான் உற்றுப் பார்த்தாள். மஞ்சள் மாத்திரை, ஓரம் கரைந்து, எச்சில் மாதிரி நூலிழுத்தபடி. தம்பி செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் விசாரணைக் குழு என்றைக்கோ வாங்கிக்கொண்டு போயிருந்தது.

விசாரணைக்கு இன்னும் மூன்று நாள். மனநல மருத்துவமனையின் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை அவளுக்கு மனப்பாடம். "நோயாளி மாத்திரைகளை விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒளித்துத் துப்பியதால் நோய் முற்றி இறந்தார்."

பச்சைப் பொய். மூன்று வருஷம், தினமும் ஏழரை மணிக்கு, டார்ச்சும் கையுமாக அவன் முன்னால் நின்றவள் அவள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. இன்னும் தூக்குடா."

"நீ மட்டும் வாய் நிறைய ஊசி வெச்சுக்கிட்டுத் தைக்கிற. நான் ஒரு மாத்திரைய வெச்சுக்கக் கூடாதாக்கா?"

"நான் ஊசிய முழுங்க மாட்டேன். நீ மாத்திரைய முழுங்கணும். அவ்வளவுதான்."

சிரிப்பான். சிரித்துக்கொண்டே விழுங்குவான். சின்ன வயதில் அவள் மெஷினுக்கு அடியில் விரலை விட்டு ஊசி ஏற்றிக்கொண்டவன். ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவே அந்தக் கறுப்புப் புள்ளி கடைசிவரை போகவில்லை. அந்த விரலால் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டி, "ஆச்சு" என்பான்.

மாத்திரையை மட்டும் குறை சொல்ல அவளுக்கு வாய் வராது. முதல் இரண்டு வருஷம் அதுதான் அவனைத் தூங்க வைத்தது, சுவருக்குள்ளிருந்து அவனைத் திட்டிய குரல்களை அடக்கியது. மூன்றாம் வருஷம் கை நடுங்கியது. கழுத்து ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது. நடை மரப்பொம்மை நடையானது.

"நடிக்கிறான்மா." டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சுட்டுத் துப்புறான். டோஸ ஏத்துறேன்."

"நான் டார்ச் அடிச்சுப் பார்க்குறேன் டாக்டர். எல்லாம் உள்ள போகுது. மருந்தாலதான் இப்படி ஆகுதோன்னு..."

"யாரும்மா டாக்டர், நீயா நானா?"

"எங்க அத்தையும் இதே ஆஸ்பத்திரியிலதான் செத்துப் போனாங்க."

"அது அந்தக் காலம். இது புது மருந்து."

புதுசு. அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு இப்போதும் பற்களை நறநறவென்று கடிக்கத் தோன்றும். தாத்தாவின் அண்ணனைச் சங்கிலியில் கட்டித் தலையில் பனித்தண்ணீரை ஊற்றியபோது அது புதுசு. அத்தைக்கு தினமும் இன்சுலின் ஊசி போட்டு, உடம்பிலிருக்கும் சர்க்கரையை வற்றவைத்து, மயக்கத்துக்குள் தள்ளித் தள்ளி எழுப்பினார்களே, அதுவும் புதுசுதான். ஒருநாள் அத்தை எழவில்லை. பிற்பாடு அந்த வைத்தியத்தையே தலைமுழுகினார்கள். யாரும் இந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டோஸ் ஏறிய ஆறாம் நாள், உடம்பு அனலாகக் கொதிக்க, கட்டையாக விறைத்து, தாடை பூட்டிக்கொண்டு தம்பி செத்தான். கடைசி மாத்திரையைப் பல்லிடுக்கில் ஸ்பூனால் நெம்பி உள்ளே தள்ளியது அவள் கைதான்.

மாத்திரை கிடைத்த அன்று ஏழரைக்கு, பூட்டியிருந்த அவன் அறைக்குள் டம்ளரைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. பிறகு நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் ஓசை, ஒரு மிடறு, வறண்ட தொண்டை எதையோ கீழே இறக்கப் போராடுகிற மாதிரி ஓர் இழுப்பு. கதவைத் திறந்தாள். யாருமில்லை. தலையணைப் பள்ளத்தில் இரண்டு மஞ்சள் மாத்திரைகள்.

மறுநாள் மெஷினின் பாபின் பெட்டிக்குள் மூன்று. விரலில் மாட்டும் தையல் உறைக்குள் ஒன்று. அளவெடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் கண்ணில் படுமுன் முந்தானையில் சுருட்டிக் கழிப்பறையில் கொட்டினாள். திரும்பி வந்தால் கத்தரிக்கோல் பிடியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தம்பி மேலேயே ஆத்திரம் வந்தது. "ஒளிச்சுதான் வெச்சிருந்தியாடா? அந்த ஆள் சொன்னதுதான் நிஜமா? என்னையே ஏமாத்தினியா?"

அறைக்குள்ளிருந்து இரண்டு தட்டு.

அப்போதுதான் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை மூக்கருகே கொண்டுபோனாள். எச்சில் நாற்றமில்லை. புளித்த, கசந்த, பித்த வாடை. வாயிலிருந்து வந்ததல்ல. வயிற்றிலிருந்து.

ஒளித்தவை அல்ல. விழுங்கியவை. அவள் விழுங்க வைத்தவை. ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறான்.

விசாரணை நாள் காலை, அதற்குப் பிறகு கிடைத்த அத்தனையையும் குண்டூசி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். டப்பா கனத்தது. வெள்ளை விளக்குகள் எரியும் நீளமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர் அம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். இந்தப் பக்கம் டாக்டர், இஸ்திரி கலையாத சட்டையில். பினாயில் வாடை.

"உங்ககிட்ட ஏதாவது இருக்காம்மா?" என்றார் தலைவர்.

டப்பாவைத் திறந்தாள். குண்டூசிகள். வெறும் குண்டூசிகள். ஒரு மாத்திரைகூட இல்லை.

டாக்டர் புன்னகைத்தார். "பாவம், வீட்டுக்காரங்க இப்படித்தான். இவங்க பரம்பரையே..." ஒரு வாய் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பையன் மாத்திரைய எங்க வெச்சிருந்தான்னா..."

டம்ளர் தட்டப்பட்டது. இரண்டு தட்டு. யார் கையும் அதன் அருகில் இல்லை.

டாக்டரின் வாய் மூடவில்லை.

"சார்?" என்றார் ஓர் உறுப்பினர்.

கழுத்து திருகியது. மெல்ல. ஒருபக்கமாக. தாடை இன்னும் திறந்தது. சட்டைக்குள் உடம்பு கட்டையானது. கண்கள் மட்டும் அசைந்தன. அவை அவளைத்தான் தேடின.

நாக்கு தூக்கிக்கொண்டது.

மேசையில் ஒன்று விழுந்தது. மஞ்சள். ஈரம். இன்னொன்று. பிறகு கொத்தாக.

யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் ஓடவில்லை. கை பைக்குள் போனது. மூன்று வருஷப் பழக்கம். டார்ச்.

"நடிக்கிறாரு," என்றாள். அவள் குரல்தான் அது.

வெளிச்சத்தை அவர் வாய்க்குள் அடித்தாள். நாக்குக்கு அடியில், தொண்டை இருட்டிலிருந்து நீண்டு, நாலு விரல்கள் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி.