அடி வரை காய்ந்த மண்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் குண்டனின் தட்டில் தண்ணீர் நின்றிருந்தது.

கண்ணாடிக்காரர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் ஊற்றவில்லை. மனைவி கண்மூடிய இந்த ஒன்பது வாரத்தில், அவள் வளர்த்த இருபத்திரண்டு கள்ளிச் செடிகளில் எதற்கும் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டியதில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். குண்டன், நரைத்தலையன், இரட்டைவாலன், மூக்கறுந்தான் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் செல்லப்பெயர் வைத்திருந்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய அவருக்குக் கிடைத்தது 'என்னங்க' ஒன்றுதான்.

ஞாயிறுதோறும், ஜன்னலில் வெயில் ஏறியபின், மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடி வரை செருகுவாள். உருவி எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால், "உனக்கு அடுத்த வாரம்" என்று நகர்ந்துவிடுவாள். அடி வரை காய்ந்திருந்தால் மட்டும் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர். கூடத்து நாற்காலியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு குச்சியைப் பார்த்து வயிறெரிகிற மனுஷன் ஊர் உலகத்தில் வேறு எவனும் இருக்கமாட்டான் என்று தோன்றும்.

ஒருமுறை கேட்டேவிட்டார். "என்னை எப்பவாவது இப்படிப் பாத்துப் பாத்துக் கவனிச்சிருக்கியா?"

"அதுங்க வாயத் திறந்து கேக்காதுங்க. அதான் பாத்துக் குடுக்கறேன். நீங்கதான் ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கீங்களே," என்று சிரித்தாள்.

அவள் கை அவருக்கென்று வாய்த்ததும் முள்ளின் புண்ணியத்தில்தான். மூக்குக்கண்ணாடித் திருகாணியைப் பிடிக்கும் இடுக்கியால், தன் கண்ணாடிக்கடைப் பூதக்கண்ணாடியின் கீழ், அவள் விரலில் ஏறிய முள்ளை ஒவ்வொன்றாக எடுப்பார். கடைசி முள் கண்ணில் படாததுபோல நடிப்பார்.

மச்சினிக்குப் போன் போட்டார். அவளிடம் இன்னொரு சாவி இருந்தது.

"நீயா வந்து செடிக்குத் தண்ணி ஊத்தினே?"

"நான் ஊர்லயே இல்ல அத்தான். ஏன், எல்லாம் செத்துப்போச்சா?"

"இல்ல."

"உங்ககிட்ட விட்டா ஒட்டகமே தாகத்துல செத்துடும். எனக்குக் குடுங்கன்னு அன்னைக்கே கேட்டேன். குடுக்கவும் மாட்டீங்க, அதுங்கள சக்களத்தியப் பாக்கற மாதிரி முறைக்கவும் முறைப்பீங்க." சிரித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "அத்தான்... நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

அவர் காதில் அது விழவில்லை. அலமாரியில் அவர் பூட்டி வைத்திருந்த குச்சி ஜன்னல் விளிம்பில் கிடந்தது. எட்டுத் தட்டுகளில் மட்டும் தண்ணீர். மற்ற தொட்டிகளில் விரலை விட்டார். உள்ளே ஈரம்.

அப்படியானால் இது முதல் ஞாயிறு அல்ல.

வந்திருக்கிறாள். அவர் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதே, வாராவாரம் வந்திருக்கிறாள். புருஷனை அல்ல, இவற்றைப் பார்க்க.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கே அறைக்குள் போய் உட்கார்ந்தார். வெயில் ஏறஏற முட்களின் நிழல் சுவரில் இறங்கி, தரையில் ஊர்ந்து, அவர் முழங்காலில் ஏறியது. எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும் தன் மூச்சும் தவிர வேறு ஓசை இல்லாத அந்த நேரத்தில், சூடேறிய மண் வாசனைக்கு அடியிலிருந்து அவளுடைய சோப்பின் வாசனை மெல்ல மெல்லக் கிளம்பியது. குச்சி எழுந்தது. முதல் தொட்டியில் இறங்கியது. வெளியே வந்து, அவர் எழுந்து நின்றால் தோள் வரும் உயரத்தில், அவள் உதடு இருந்த உயரத்தில், காற்றில் நின்றது. பிறகு தட்டில் தண்ணீர் ஏறியது.

"நான் இங்கதாம்மா இருக்கேன்," என்றார்.

குச்சி அவர் முகத்துக்கு முன்னால் கடந்துபோனது. நிற்கவில்லை.

கேட்டது தப்பு. உடம்புக்குள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்ததும் தப்பு.

வியாழக்கிழமையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சனிக்கிழமை கடைக்கு வந்த பெண், "என்னண்ணே, உதடு இப்படி வெடிச்சிருக்கு?" என்றாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு காலை குண்டனைத் தூக்கி வெளியே வைத்தார். அந்த இடத்தில் அகலமான தட்டு ஒன்றைப் போட்டு, சட்டையைக் கழற்றி, வரிசையோடு வரிசையாக அதில் ஏறி நின்றார்.

சோப்பு வாசனை.

நரைத்தலையன். தண்ணீர். இரட்டைவாலன். தண்ணீர்.

அடுத்து அவர்.

குச்சி நின்றது.

வாயைத் திறக்கவில்லை. கேட்கக்கூடாது.

நுனி விலாவைத் தொட்டது. எலும்புகளுக்கு நடுவே இடம் தேடியது. நிதானமாக. வேரில் படாமல் வழி தேடும் அதே பதமான கை. பிறகு உள்ளே.

அடி வரை.

கத்தவில்லை. இவ்வளவு பக்கத்தில் அவள் நின்று எத்தனை காலம்.

உருவிக்கொண்டது. தோளுயரத்துக்குப் போனது. முழுக்கச் சிவப்பு. எதுவும் இல்லாத காற்றில், நுனி பட்ட இடத்தில், அந்தச் சிவப்பு ஒட்டி நின்றது. ஒரு கீழுதட்டின் வடிவில்.

உதடு அசைந்தது.

"உனக்கு அடுத்த வாரம்."

முப்பது வருஷத்தில் முதல்முறையாக, 'உனக்கு'.

குச்சி நகர்ந்தது. பக்கத்தில் மூக்கறுந்தானின் தட்டு தளும்பத் தளும்ப நிறைந்தது. கண்ணாடிக்காரர் அதையே வெறித்துக்கொண்டு, அசையாமல், தட்டில் நின்றார். விலாவிலிருந்து இறங்கியது காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டட்டும். அடி வரை காய இன்னும் ஏழு நாள் இருந்தது.