அட்டை ஏறாத கால்

நாய்க்காலில் மூக்குப்பொடி தடவலாம் என்ற யோசனை உலகத்தில் வேறு எவனுக்காவது வந்திருக்குமா, தெரியாது. பாண்டியராஜுக்கு வந்தது. அதில் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து வேப்பெண்ணெயில் குழைத்தால் இன்னும் கச்சிதமாக இருக்கும் என்றும் வந்தது. எம்.காம். படித்தவன் அல்லவா, முட்டாள்தனத்தைக்கூட அரைகுறையாகச் செய்ய மனசு வராது.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டச் சரிவில் இருந்த அந்த விடுதிக்கு அவன் வேலைக்கு வந்தது சாரல் தொடங்கிய பிறகுதான். நாயோடு வந்து தங்கலாம் என்பதுதான் விடுதியின் பெருமை. ‘எளிய ஏரிக்கரை நடை. குழந்தைகளும் நாய்களும் வரலாம்’ என்று வாசல் பலகையில் எழுதியவனும் அவன்தான், அப்படி வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போகிறவனும் அவன்தான். சிலமலையில் இருந்த அவன் மனைவி முத்துப்பிரியா இதைப் போனில் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: “மலையேறிப் போயி நாய் மேய்க்கிறீங்க.”

நடை எளிதுதான். தோட்டத்துக்காகத் தண்ணீர் தேக்கிய சின்ன ஏரி, அதைச் சுற்றி ஏற்ற இறக்கமில்லாத பாதை. தொந்தரவு அட்டைதான். சாரல் காலத்தில் புல்லுக்குப் புல் ஒரு அட்டை எழுந்து நின்று, ஆள் வாடைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஏறுவது தெரியாது. குடித்துக் கொழுத்து, விரலிடுக்கில் கருந்திராட்சைபோல் தொங்கும்போதுதான் தெரியும். பிய்த்தால் ரத்தம் நிற்காது. பாண்டியராஜ் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பேன்ட்டைச் சுருட்டி, கண்ணை மூடிக்கொண்டு, உப்பைக் கொட்டுவான். அவனுக்கு அருவருப்பு தாங்காது.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அட்டை ஏறவில்லை.

பாதை தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை ஒட்டித் திரும்பும். கடைசி வீட்டுப் படியில், அங்கே குடியிருக்கும் சோலையம்மாளின் புருஷன் காசிமாயன் எந்நேரமும் உட்கார்ந்திருப்பார். மடித்துக் கட்டிய ஈர வேட்டி. அட்டை மொய்க்கும் புல்லுக்குள் வெறுங்கால். கணுக்காலில் ஒரு பொட்டு ரத்தம் கிடையாது. பேச மாட்டார். கேட்டால் வாயைத் திறக்காமல் சிரிப்பார்.

“அக்கா, அண்ணனுக்கு என்ன மருந்து பூசுறீங்க?” என்று சோலையம்மாளைக் கேட்டான். ஏலக்காய் பறித்துப் பறித்து விரலெல்லாம் கறை ஏறிய பெண்.

“ஒஞ் சோலியப் பாரு தம்பி. மழை வருது, வெரசாக் கூட்டிட்டுப் போ.”

இன்னொரு நாள் கேட்டபோது பால் கலக்காத கட்டஞ்சாயா கொடுத்தாள். மூன்றாம் முறை அவித்த வள்ளிக்கிழங்கு கொடுத்தாள். பதிலைத் தவிர எல்லாம் கிடைத்தது. ஏதோ குடும்ப ரகசியம்போல, நாமே கண்டுபிடிப்போம் என்று இறங்கினான். அதில் பிறந்ததுதான் அந்த மூக்குப்பொடிக் குழம்பு.

பரிசோதனைக்கு வந்து வாய்த்தவை, விடுதியில் தங்க வந்த சுசித்ரா மேடத்தின் நாய்கள். அவள் மூணாறு சுற்றிப் பார்த்துவிட்டு நாளை மறுநாள் வருவதாக இரண்டையும் அவனிடம் விட்டுப் போயிருந்தாள். பிஸ்தா, வெளிர்மஞ்சள் லேப்ரடார். யாரைக் கண்டாலும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் வாலை ஆட்டும். முந்திரி, வயிறு தரையில் உரசும் குட்டைக்கால் நாய். “பிஸ்தா என் புள்ள மாதிரி” என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

ஏரிக்கரையில் வைத்து பிஸ்தாவின் காலில் தடவினான். ‘கழுத்து இறுகுதே பாவம்’ என்று பெல்ட்டையும் ஒரு ஓட்டை தளர்த்தினான். பிஸ்தா குனிந்து காலை நக்கியது.

முதலில் ஒரு தும்மல். பிறகு தொடர்ந்து தும்மல். கண்ணில் நீர் வழிய, மூக்கை மண்ணில் தேய்த்து, பின்னால் இழுத்த இழுப்பில் பெல்ட் தலைவழியாகக் கழன்று அவன் கையிலேயே நின்றுவிட்டது. எரிச்சல் தாங்காத நாய் நேரே தண்ணீருக்குள் பாய்ந்தது. பாசி மண்டிய பக்கம். மஞ்சள் தலை ஒருமுறை தெரிந்தது.

அப்புறம் தெரியவில்லை.

பாண்டியராஜ் இடுப்பளவு சேற்றில் இறங்கினான். பாசி காலைச் சுற்றியது. அவனுக்கு நீச்சல் வாய்ப்பேச்சில் மட்டும்தான். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுவிட்டு, கரையேறி, முந்திரியை மடியில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல அழுதான். வேலை போகும் என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, நம்பி நக்கியதே அந்த நாய் என்ற நினைப்பு.

பொழுது மசங்கும் நேரத்தில் விடுதிக்குத் திரும்பினால், வாசல்படியில் பிஸ்தா உட்கார்ந்திருந்தது.

கட்டிப்பிடித்துக்கொண்டான். கொஞ்சினான். அடுப்பு ஓரமாக உட்காரவைத்துத் துண்டால் தலை துவட்டினான். துண்டோடு ஒரு பிடி முடி வந்தது. அடியில் தோல், ஊறப்போட்ட அரிசி நிறத்தில் இருந்தது. குளிரில் விறைத்திருக்கிறது என்று நினைத்தான். வாடையும் அடித்தது. அழுகிய மீனும் நாள்பட்ட ஏலக்காய்ச் சக்கையும் ஒரே சாக்கில் கிடந்த வாடை. சேற்றில் விழுந்த நாய் வேறெப்படி மணக்கும்?

பிஸ்தா அவன் உள்ளங்கையை நக்கியது. நாக்கு, கிணற்றுக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. கையில் ஒட்டிய கொழகொழப்பு சோப்புக்குப் போகவில்லை, புளிக்கும் போகவில்லை. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த வாடை. தட்டைத் தள்ளிவைத்தான். பிஸ்தாவும் தன் தட்டைத் தொடவில்லை.

முந்திரி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் காலை இரண்டையும் நடத்திக் கூட்டிப்போனான். தோட்டத்து வழியில் ஓர் ஏலச்செடியின் தூரடியில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. மேலே ரெண்டு கல். முந்திரி அங்கே போய்ப் படுத்துக்கொண்டு மெல்ல முனகியது. “எலி வளையா? வா, வா” என்று இழுத்தான். எழுந்திருக்க மறுத்த அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் முந்திரியின் வயிறெல்லாம் அட்டை. அவன் காலிலும் வரிசையாக அட்டை.

பிஸ்தாவின் உடம்பில் ஒன்றுகூட இல்லை.

பாண்டியராஜுக்கு மார்பு விம்மியது. மருந்து வேலை செய்கிறது! ஏரித் தண்ணீரில் ஊறியும் போகாத மருந்து! காப்புரிமை வாங்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தான். மகிழ்ச்சியில் ஓர் அட்டையை எடுத்து பிஸ்தாவின் மூக்கருகே விட்டுப் பார்த்தான். அது நாயின் மேல் கொஞ்சதூரம் ஊர்ந்தது. நின்றது. தலையைத் தூக்கி அங்குமிங்கும் ஆட்டியது. பிறகு திரும்பி, வந்த வழியே அவசரமாக அவன் விரலுக்கு வந்து சேர்ந்தது.

சுவரில் மோதித் திரும்பியதுபோல.

அப்போதுதான் கவனித்தான். பிஸ்தாவின் வலது மூக்குத் துவாரத்தில் கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்து உள்ளே போனது.

நாய் மூக்கில் அட்டை புகுந்தால் கிண்ணத்தில் தண்ணீர் காட்ட வேண்டும், தண்ணீருக்கு ஆசைப்பட்டு அதுவே வெளியே நீளும், பிடித்து இழுத்துவிடலாம். தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். கிண்ணம் வைத்தான். கறுப்பு மெல்ல நீண்டது. உப்புத் தொட்ட விரலால் பற்றி இழுத்தான்.

அட்டை இல்லை. பாசி.

இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். விரல் நீளம், சாண் நீளம், முழ நீளம். கொழகொழவென்று, வேரும் நத்தையுமாக, கிணற்றுக் கயிறுபோல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். பின்னாலேயே ஒரு குவளை ஏரித் தண்ணீர் மூக்குவழியாக வழிந்தது. அதில் தலைப்பிரட்டை நெளிந்தது.

பிஸ்தா தும்மவில்லை. வாலை ஆட்டியது.

பாண்டியராஜ் தோட்டத்து ஓரம் ஓடிப்போய்க் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்தான். திரும்பிப் பார்த்தபோது அது பக்கத்தில் வந்து நின்று அவனையே பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை ஒருமுறைகூட இமைக்கவில்லை.

சாயங்காலம், தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றி இறக்குகிற கன்னையன் பால் கொடுக்க வந்தார். பாண்டியராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது நேத்து வந்த பிஸ்தாதானே?”

கன்னையன் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். “நாய் மாதிரித்தான் இருக்கு மாப்ளே.”

“நாய் மாதிரியா? அதையா கேட்டேன்?”

“எனக்கு லோடு கெடக்கு. ஆளுகள எறக்கணும்.”

“அண்ணே!”

ஜீப் கிளம்பிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் வாசல் பக்கமே திரும்பவில்லை. ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சுசித்ரா வந்தாள். பாண்டியராஜ் பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். “மேடம், ஒரு விசயம்” என்று தொடங்கினான். “ஐயோ என் தங்கமே, ஏன் இப்படி நனைஞ்சு நாறுற?” என்று அவள் சிரித்துக்கொண்டே பிஸ்தாவைக் கட்டிப்பிடித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோனது. “ஏரியில கொஞ்சம் வெளையாடிருச்சு மேடம். வீட்டுக்குப் போனதும் டாக்டர்ட்ட காட்டுங்க” என்றான். அவ்வளவுதான் வந்தது. தைரியம் என்று ஒன்று அவனுக்கு இருந்திருந்தால் நாய் மேய்க்க வந்திருக்கவே மாட்டான்.

முந்திரி முன்சீட்டில் அவள் மடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. பிஸ்தா பின்சீட்டில் ஏறி, கண்ணாடியில் முகத்தை ஒட்டி அவனைப் பார்த்தது. மலைக்குளிரில் முன்பக்கக் கண்ணாடி அவர்கள் மூச்சுப்பட்டு மங்கியிருந்தது.

பிஸ்தாவின் பக்கம் பளிங்குபோலத் தெளிவாக இருந்தது.

கார் முதல் கொண்டை ஊசி வளைவில் மறைந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். விட்ட மூச்சிலும் பாசி வாடை. கால் தானாக லயத்துப் பக்கம் நடந்தது.

சோலையம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். படியில் காசிமாயன், அதே ஈர வேட்டி, அதே மூடிய சிரிப்பு. சாரல் விட்டு வெயிலடித்த நாள் அது. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா. டீ வேணாம், கெழங்கும் வேணாம். இன்னைக்காச்சும் நேராச் சொல்லுங்க. அண்ணங் காலுக்கு என்ன மருந்து?”

அவள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள்.

“மருந்து இல்ல தம்பி. ரத்தம் இருந்தாத்தான அட்டை ஏறும்.”

ஏரிப் பக்கம் ஒரு கொக்கு கத்தியது.

“நாலு சாரலுக்கு முந்தி இந்த ஏரிலதான் போனாரு. நாந்தான் அடக்கம் பண்ணேன். கரையில ஒக்காந்து அழுது முடிச்சு வீட்டுக்கு வந்தா, படியில ஒக்காந்துருக்காரு. வெரட்ட மனசு வரல.”

“பிஸ்தா…?”

“நேத்து விடியக் காய் பறிக்கப் போறப்ப பாசிக்குள்ள மெதந்துச்சு. ஏலத்தூருக்கு அடியில பொதச்சேன். அந்தக் குட்டை நாய்க்குத் தெரியும். ஒங்கிட்டச் சொல்லத்தான் விடுதிக்கு வந்தேன் தம்பி. வந்து பாத்தா, நீ அதக் கொஞ்சிக்கிட்டு இருக்க. நானும் அன்னைக்கு அப்பிடித்தான் இருந்தேன். எப்பிடிச் சொல்ல?”

“அக்கா, நான் அதக் கார்ல ஏத்தி விட்டுட்டேன். அந்தம்மா பாவம்…”

“அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது.” குரல் மிகவும் சாந்தமாக இருந்தது. “இவரையும் ரெண்டு தடவ போடி பஸ்சுல ஏத்திவிட்டேன், அக்கா வீட்டுல போயி இருக்கட்டும்னு. நான் வீடு வந்து சேருறதுக்குள்ள எனக்கு முந்தி வந்து ஒக்காந்துருந்தாரு. யாரு கரையில ஒக்காந்து அழுதாங்களோ, அவங்ககூடத்தான் இருக்கும்.”

பாக்கெட்டில் போன் அடித்தது. சுசித்ராவின் பெயர். அவன் எடுக்கவில்லை.

தொங்கிக்கொண்டிருந்த அவன் இடது உள்ளங்கையில், கிணற்றுக் கல்லைப்போல, ஏதோ பட்டது. மெல்ல நக்கியது. பின்னால் ஈர வால் தரையை அடிக்கும் சத்தம்.

சளப். சளப். சளப்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழக்கதோஷம், கை தானாகத் தோளில் கிடந்த துண்டைத் தேடியது.

“தொவட்டாத தம்பி,” என்றாள் சோலையம்மாள், நாரை எடுத்துப் பாத்திரத்தைத் தேய்த்தபடி. “தொலியும் கூட வந்துரும்.”